சுபேதார் பதில்கள்: கர்னல் என்னும் தூண்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "காலாட்படைப் பட்டாலியன் ஒன்றின் தலைவர் கர்னல்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. மனம் நிறைந்திருக்கிறது. ஏறக்குறைய 800 வீரர்கள் கொண்ட படைப்பிரிவான பட்டாலியனின் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் நான். சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றேன். என் தட்டச்சுப் பொறியில் 'கர்னல்' என்ற சொல்லை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேனோ, கணக்கில்லை. அதனால் இந்த இதழின் இடம் முழுவதையும் அந்த ஒரு பதவிக்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை சி, ஓ, எல், ஓ, என், ஈ, எல் என்று எழுதுகிறோம். அதில் 'ர' எங்கே இருக்கிறது? பிறகு ஏன் 'கர்னல்' என்கிறோம்? எங்கள் வகுப்பில் கேட்டால் "அது அப்படித்தான்" என்கிறார்கள். (ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி)

"அது அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாத கேள்வி இது, மகளே. இதற்குள் ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

இத்தாலிய மொழியில் 'கொலொன்னா' என்றால் தூண். லத்தீன் 'கொலும்னா'விலிருந்து வந்தது. தூணைக் கிடையாகப் படுக்கவைத்தாற்போல் நீண்ட வரிசையாக நடந்துசெல்லும் படைக்கும் அதே பெயர் வந்தது. அந்த வரிசையின் தலைமாட்டில் நடந்தவன் 'கொலொனெல்லோ'. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மண்ணில் பிரான்சும் ஸ்பெயினும் விடாமல் மோதிக்கொண்டிருந்தன. ஈட்டிக்காரர் ஒரு பக்கம், துப்பாக்கிக்காரர் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்த வீரர்களை ஒரே தலைவனின் கீழ் கட்டிவைத்தால்தான் போர்க்களத்தில் நிற்க முடியும் என்பதை ஸ்பெயின் அந்தப் போர்களில் கற்றுக்கொண்டது. 1505இல் மன்னர் பெர்டினாண்டின் காலத்தில் அப்படிப்பட்ட 20 பிரிவுகளை அமைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 'கொலுனேலா' என்று பெயர். பல பட்டாலியன்கள் சேர்ந்த இன்றைய ரெஜிமென்டின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம்.

இனி 'ர' வந்த வழி. ஒரே சொல்லில் இரண்டு 'ல' அடுத்தடுத்து வந்தால் நாக்கு இடறும். அப்போது அது ஒன்றை விட்டுக்கொடுத்து, பக்கத்து வீட்டு ஒலியான 'ர'வை அழைத்துக்கொள்ளும். ஸ்பானியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் 'கொரொனெல்' என்று சொல்லத் தொடங்கினார்கள். இது ஒன்றும் அபூர்வமில்லை. லத்தீனில் சலவைக்கல் 'மார்மோர்'. அங்கே இரண்டு 'ர' இருந்தது. ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தபோது 'மார்பிள்' ஆகிவிட்டது. நம் மொழியிலும் லகரமும் ரகரமும் இடம் மாறிக்கொள்வதைப் பள்ளியில் 'போலி' என்ற தலைப்பில் படித்திருப்பீர்கள். பந்தல், பந்தர் ஆகும். சாம்பல், சாம்பர் ஆகும். குடல், குடர் ஆகும். அங்கே காரணம் வேறுதான். ஆனாலும் இந்த இரண்டு ஒலிகளும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பது தமிழனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆங்கிலேயர்கள் 1540களில் பிரெஞ்சிலிருந்து இந்தச் சொல்லை எடுத்தபோது 'ர'வோடுதான் எடுத்தார்கள். எழுதியதும் 'ர'வோடுதான். பின்னால் இத்தாலியப் போர் நூல்களை மொழிபெயர்த்தவர்கள் மூலச் சொல்லில் 'ல' இருப்பதைப் பார்த்து எழுத்தைத் திருத்தினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எழுத்தோடு சேர்த்துப் பேச்சையும் திருத்திக்கொண்டார்கள். இன்று அவர்கள் 'கொலொனெல்' என்றே சொல்கிறார்கள். ஆங்கிலேயர்களின் பேனா இத்தாலிக்குப் போனது, நாக்கு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மூன்று அசையாக இருந்தது தேய்ந்து இரண்டாகி 'கர்னல்' என்று ஆனது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே எழுத்தும் 'கொரொனெல்', பேச்சும் 'கொரொனெல்'.

தமிழ் எழுத்து காதைத்தான் நம்பியது. கேட்டதை எழுதியது. இந்த ஒரு சொல்லில் ஆங்கிலப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டுவது எளிது.

கேள்வி: இலங்கைச் செய்தித்தாள்களில் 'கேணல்' என்று எழுதுகிறார்கள். நாம் 'கர்னல்' என்கிறோம். எது சரி? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

இரண்டும் சரி, ஐயா. இரண்டுமே காதால் கேட்டு எழுதியவை. கேட்ட காதுகள்தாம் வேறு.

தெற்கு இங்கிலாந்துப் பேச்சில் மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் 'ர்' ஒலிக்காது. அதற்கு முந்திய உயிர் மட்டும் நீளும். அதைக் கேட்டு நேராக எழுதினால் 'கேணல்' என்றுதான் வரும். ஈழத்துத் தமிழர் கேட்டது அதைத்தான். நம் பக்கம் ராணுவ முகாம்களில் புழங்கிய இந்துஸ்தானி நடுவில் நின்றது. அது 'ர'வை அழுத்திச் சொல்லும். பழைய சிப்பாய்கள் 'கர்னைல்' என்றே சொன்னார்கள். பஞ்சாபில் ஆண் பிள்ளைக்குக் கர்னைல் சிங் என்றும் ஜர்னைல் சிங் என்றும் பெயர் வைப்பார்கள். கர்னல், ஜெனரல் என்பவைதாம் அவை. தன் மகன் அந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு விவசாயத் தகப்பன் தொட்டிலிலேயே வாழ்த்திவைத்த பெயர்கள். அப்படிப் பெயர் கொண்ட ஒரு ஹவில்தார் என்னோடு ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தார். தன் பெயரை எழுதும்போதெல்லாம் முதுகை நிமிர்த்திக்கொள்வார்.

கேள்வி: பிரிட்டிஷ் கர்னலின் தோளில் கிரீடம் இருக்கிறது. லத்தீனில் கிரீடம் 'கொரோனா'. ஆகவே கர்னல் என்றால் கிரீடத்துக்குரியவர் என்று ஒரு நண்பர் சாதிக்கிறார்.

உங்கள் நண்பருக்கு முன்பே ஸ்பானியர்கள் அப்படி நினைத்திருக்கிறார்கள். 'கொரொனெல்' என்ற வடிவம் அங்கே ஊன்றி நின்றதற்கு அந்த நினைப்பும் ஒரு காரணம். ஆனால் வேர் தூண்தான், கிரீடம் இல்லை. தோளில் கிரீடம் சூடுவது கர்னல் மட்டுமில்லை, பிரிட்டிஷ் மேஜரின் தோளிலும் அது இருக்கிறது. இந்தியா குடியரசானபின் நம் அதிகாரிகளின் தோளில் கிரீடம் இறங்கி அசோகரின் சிங்கமுகச் சின்னம் ஏறியது. நம் கர்னலுக்கு அந்தச் சின்னமும் இரண்டு நட்சத்திரங்களும். ஒரு நட்சத்திரம் குறைந்தால் லெப்டினன்ட் கர்னல், ஒன்று கூடினால் பிரிகேடியர். காலரில் சிவப்புப் பட்டை தொடங்குவதும் கர்னலில்தான். தூரத்தில் வருகிறவர் யாரென்று தெரியாதபோது ஒரு சிப்பாய் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பைத்தான்.

கேள்வி: லெப்டினன்ட் கர்னல் என்றால் என்ன? பாதிக் கர்னலா? லெப்டினன்ட் என்பது மிகச் சிறிய அதிகாரியின் பதவி அல்லவா? அது எப்படிக் கர்னலோடு ஒட்டிக்கொண்டது?

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதைச் சொன்னால் இந்தப் பதவியின் பழைய, அவ்வளவு அழகில்லாத முகத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்கிறேன்.

'லியூ' என்றால் பிரெஞ்சில் இடம். 'தெனான்' என்றால் பிடித்திருப்பவர். இன்னொருவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் லெப்டினன்ட். கேப்டன் இல்லாதபோது கேப்டனின் இடத்தில் நிற்பவர் லெப்டினன்ட். கர்னல் இல்லாதபோது கர்னலின் இடத்தில் நிற்பவர் லெப்டினன்ட் கர்னல். சரி, கர்னல் ஏன் இல்லாமல் போனார்?

17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ரெஜிமென்ட் என்பது ஏறக்குறைய கர்னலின் சொத்து. மன்னர் ஒரு பிரபுவைக் கூப்பிட்டு, இத்தனை பேரைத் திரட்டிக்கொடு என்று உரிமை எழுதிக்கொடுப்பார். பிரபு ஆள் சேர்ப்பார், உடுப்புத் தைத்துக்கொடுப்பார், அதிகாரிகளை அமர்த்துவார். அந்த ரெஜிமென்டை அவர் பெயராலேயே அழைப்பார்கள். 1740களில் பிரிட்டிஷ் படையில் ஹோவர்ட் என்ற பெயருள்ள இரண்டு கர்னல்கள் இருந்தார்கள். இரண்டு ரெஜிமென்டும் ஹோவர்ட் ரெஜிமென்ட். குழப்பம் தீர, சட்டையின் கைப்பட்டை நிறத்தைச் சேர்த்துச் சொன்னார்கள். ஒன்று மங்கிய மஞ்சள் ஹோவர்ட், மற்றது பச்சை ஹோவர்ட். 'கிரீன் ஹோவர்ட்ஸ்' என்ற அந்தப் பெயரில் 2006 வரை பிரிட்டிஷ் படையில் தனி ரெஜிமென்ட் இருந்தது.

சொத்து என்றால் அதிலிருந்து வருமானமும் வேண்டும் அல்லவா? சிப்பாயின் சம்பளத்தில் உடுப்புக்கென்று ஒரு பகுதியைப் பிடிப்பார்கள். அந்தப் பணம் கர்னலின் கைக்குப் போகும். மலிவான துணியில் தைத்துக்கொடுத்துவிட்டு மிச்சத்தை அவர் வைத்துக்கொள்ளலாம். அது சட்டப்படியே நடந்தது. இறந்துபோனவன் பெயரையும் ஓடிப்போனவன் பெயரையும் பட்டியலில் விட்டுவைத்து அவர்களுடைய சம்பளத்தையும் வாங்கிக்கொண்ட கர்னல்கள் பல நாட்டுப் படைகளில் இருந்திருக்கிறார்கள். ஆள் பட்டியல் எழுதியே ஆயுளைக் கழித்தவன் நான். ஒரு வீரனின் பெயருக்கு எதிரே பொய்யாக ஒரு குறி போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படிப்பட்ட கர்னல் பெரும்பாலும் அரண்மனையிலோ நாடாளுமன்றத்திலோ இருந்தார். சேற்றில் ரெஜிமென்டோடு நடந்தவர், அவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த லெப்டினன்ட் கர்னல். அந்த இடமும் விலைக்குக் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் காலாட்படையில் லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு அரசு வைத்த விலை 4,500 பவுண்டு. பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் முறியடித்த வெலிங்டன், 1793இல் 24 வயதில், அண்ணன் கொடுத்த பணத்தில்தான் 33ஆம் ரெஜிமென்டின் லெப்டினன்ட் கர்னல் ஆனார். அவர் திறமைசாலியாக அமைந்தது அந்த ரெஜிமென்டின் நல்ல காலம். அதே விலையைக் கொடுத்த மற்றவர்களின் கீழ் நின்ற சிப்பாய்களுக்கு அந்த நல்ல காலம் எல்லா முறையும் வாய்த்திருக்காது.

மாற்றம் மெல்லத்தான் வந்தது. 1751இல் பிரிட்டிஷ் மன்னர் ஓர் ஆணை போட்டார். இனிமேல் ரெஜிமென்டுகளுக்கு எண்தான் பெயர், எந்தக் கர்னலும் தன் குடும்பச் சின்னத்தைப் படையின் பொருள்கள் எதிலும் பொறிக்கக் கூடாது. என் கணக்கில் கர்னல் என்ற பதவி மனிதத் தன்மை பெறத் தொடங்கிய ஆண்டு அதுதான். பதவியை விலைக்கு விற்பது 1871இல்தான் ஒழிந்தது.

அந்தப் பழைய உடைமையின் சாயல் ஒன்று இன்றும் இருக்கிறது, ஆனால் நல்ல விதமாக மாறியிருக்கிறது. நம் ராணுவத்தில் ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் 'கர்னல் ஆஃப் தி ரெஜிமென்ட்' என்று ஒருவர் இருப்பார். அவர் உண்மையில் ஜெனரலாக இருப்பார். போர் நடத்துவது அவர் வேலையில்லை. வீரர்களின் நலன், மரபு, விதவைகளின் குறை, பழைய வீரர்களின் சேர்க்கை இவற்றைப் பார்ப்பதுதான் அவர் வேலை. ஒருகாலத்தில் சிப்பாயின் சட்டைத் துணியில் காசு மிச்சம் பிடித்த அந்தப் பட்டம் இன்று அவன் குடும்பத்தின் குறை கேட்கிறது.

கேள்வி: இந்திய ராணுவத்தில் ஒருவர் கர்னலாக எத்தனை ஆண்டு ஆகும்? வயது வந்தால் தானாகக் கிடைத்துவிடுமா? (தகப்பனார் ஒருவர், மகன் கேப்டன்)

2004 டிசம்பருக்குப் பிறகு நடைமுறை இப்படி இருக்கிறது. இரண்டு ஆண்டில் கேப்டன், ஆறில் மேஜர், பதின்மூன்றில் லெப்டினன்ட் கர்னல். இவையெல்லாம் உரிய தேர்வுகளையும் தகுதிகளையும் முடித்தால் காலப்போக்கில் வருபவை. கர்னல் அப்படி வராது. மூன்றாம் எண் தேர்வுக் குழு என்று ஒன்று கூடும். ஆண்டுதோறும் மேலதிகாரிகள் எழுதிய ரகசிய அறிக்கைகளை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். பலர் அந்தக் கதவுக்கு வெளியே நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு 26 ஆண்டு சேவையில் காலக்கணக்குக் கர்னல் பதவி கிடைக்கும். தோளில் அதே நட்சத்திரங்கள்தாம். ஆனால் பட்டாலியனின் தலைமை நாற்காலி கிடைக்காது.

நான் 1980இல் சேர்ந்தபோது எங்கள் சி.ஓ., அதாவது பட்டாலியனை நடத்தும் தலைவர், ஒரு லெப்டினன்ட் கர்னல். 1980களிலேயே அந்த நாற்காலி கர்னலுக்கு உயர்ந்தது. பிரிட்டிஷ் படையில் இன்றும் பட்டாலியனை நடத்துபவர் லெப்டினன்ட் கர்னல்தான். அமெரிக்காவில் கர்னல் இன்னும் பெரிய பிரிவான பிரிகேடை நடத்துகிறார். ஒரே பெயர், நாட்டுக்கு நாடு நாற்காலி வேறு.

2004 கடைசியில் அந்த உத்தரவு வந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பட்டாலியனில் மூன்று மேஜர்கள் ஒரே நேரத்தில் லெப்டினன்ட் கர்னல் ஆனார்கள். பதவி மாற்றங்களைப் பதியும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற ஆணையில் அவர்கள் பெயர்களை நான்தான் தட்டச்சு செய்தேன். நட்சத்திரம் குத்தும்போது வழக்கம்போல் ஒரு தோளில் சி.ஓ.வும் மறு தோளில் மனைவியும் குத்தினார்கள். மூவரில் ஒருவருடைய மனைவி வெகுதூரத்தில் இருந்தார், வர முடியவில்லை. அந்தத் தோளுக்கு எங்கள் சுபேதார்களில் மூத்தவரான சுபேதார் மேஜர் சாஹிபை அழைத்தார் அந்த அதிகாரி. சாஹிபின் கை நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

உங்கள் மகனுக்கு நான் சொல்ல ஆசைப்படுவது ஒன்று. கர்னல் ஆவதற்கான அறிக்கைகள் இப்போதே, கேப்டனாக இருக்கும்போதே, எழுதப்படத் தொடங்கிவிட்டன. கடைசி இரண்டு ஆண்டு மட்டும் விழித்துக்கொண்டால் போதும் என்று நினைத்து ஏமாந்த நல்ல அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பெண்கள் கர்னல் ஆகிப் படையை நடத்த முடியுமா?

முடியும், நடத்துகிறார்கள். மருத்துவப் பிரிவில் வெகுகாலமாகவே பெண்கள் மேலே போயிருக்கிறார்கள். 2004இல் டாக்டர் புனிதா அரோரா லெப்டினன்ட் ஜெனரலே ஆனார். மற்றப் பிரிவுகளில்தான் கதவு அடைத்திருந்தது. குறுகிய காலப் பணியோடு அவர்களை அனுப்பிவிட்டார்கள். பதின்மூன்று, பதினான்கு ஆண்டு உழைத்தவரை, அனுபவம் கனிந்திருக்கும் வேளையில் வீட்டுக்கு அனுப்பினால் படைக்கு என்ன லாபம் என்று எனக்கு அப்போதே விளங்கவில்லை. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரந்தரப் பணியும் உண்டு, தலைமைப் பொறுப்புக்கும் அவர்களைக் கருத வேண்டும் என்றது. 2021 ஆகஸ்டில் ஐந்து பெண் அதிகாரிகள் 26 ஆண்டு சேவைக்காகக் கர்னல் ஆனார்கள். 2023 ஜனவரியில் தேர்வுக் குழு 108 இடங்களுக்கு 244 பெண் அதிகாரிகளைப் பரிசீலித்தது. காலாட்படையும் கவசப் படையும் இன்னும் இதில் சேரவில்லை. பொறியாளர், சிக்னல்ஸ், தளவாடம் போன்ற பிரிவுகளில்தான் இது நடந்திருக்கிறது.

கேள்வி: தோனி லெப்டினன்ட் கர்னல் என்கிறார்களே, அவர் எப்போது படையில் இருந்தார்?

2011இல் அவருக்கு, பகுதிநேர வீரர்களின் துணைப்படையான டெரிடோரியல் ஆர்மியில் கௌரவப் பதவியாக அதை வழங்கினார்கள். கபில் தேவுக்கு அதற்கு முன்பே, 2008இல் வழங்கினார்கள். கௌரவப் பதவி என்பதால் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். தோனி 2015இல் ஆக்ராவில் பயிற்சி எடுத்து, விமானத்திலிருந்து ஐந்து முறை குதித்து, பாராசூட் வீரருக்கான தகுதி பெற்றார். பட்டத்தை வாங்கிக்கொண்டதோடு நில்லாமல் பாராசூட் வீரர் அணியும் இறக்கைச் சின்னத்தைத் தானே சம்பாதித்தார் என்பதில் எனக்கு அவர்மேல் தனி மதிப்பு.

கேள்வி: லிபியாவின் கடாபி நாட்டையே ஆண்டார். ஏன் ஜெனரல் ஆகாமல் கர்னலாகவே இருந்தார்?

1969இல் ஆட்சியைப் பிடித்தபோது அவருக்கு 27 வயது, இளநிலை அதிகாரி. பிறகு கர்னல் ஆனார். அதன்பிறகு கடைசிவரை கர்னல் என்றே அழைக்கப்படுவதை விரும்பினார். அவர் போற்றிய எகிப்து அதிபர் நாசரும் ஜெனரல் பட்டம் தேடாத படை அதிகாரிதான். மற்றபடி அவருடைய ஆட்சியைப் பற்றி இந்தப் பகுதியில் பேச விரும்பவில்லை.

கேள்வி: எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் காண்கிறோம். கர்னலுக்கு மட்டும் ஏன் இல்லை? (தமிழ் ஆர்வலர்)

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. பிறர் என்ன செய்திருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். ஜெர்மானியர்கள் 'ஓபெர்ஸ்ட்' என்கிறார்கள். எல்லாருக்கும் மேலானவர் என்று பொருள். ரஷ்யர்கள் 'பல்கோவ்னிக்' என்கிறார்கள். 'போல்க்' என்றால் ரெஜிமென்ட், அதற்குரியவர். துருக்கியர் 'அல்பாய்' என்கிறார்கள். 'அலாய்' என்ற ரெஜிமென்டையும் 'பேய்' என்ற தலைவரையும் சேர்த்து இறுக்கிய சொல் அது. நேபாளத்தில் கர்னலுக்கு 'மகாசேனானி' என்று பெயர். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கோர்க்கா எழுத்தர். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமிதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நம்மிடம் வளம் இல்லாமல் இல்லை. சங்க காலத்தில் 'ஏனாதி' என்பது படைத்தலைவருக்கு மன்னர் கொடுத்த பட்டம். ஏனாதி திருக்கிள்ளி என்று புறநானூற்றில் ஒருவர் வருகிறார். மகாபாரதத்தின் படைக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. மிகச் சிறிய பிரிவின் பெயர் பத்தி. தேர் 1, யானை 1, குதிரை 3, காலாள் 5. மும்மூன்றாகப் பெருக்கிக்கொண்டே போனால் ஐந்தாம் படியில் வருவது வாகினி. அதாவது 81 பத்தி. தேர், யானை, குதிரை, காலாள் எல்லாம் கூட்டினால் 810 வருகிறது. ஒரு காலாட்படைப் பட்டாலியனில் ஏறக்குறைய 800 பேர். முதன்முதலில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று, என் மேசைக்கு எதிரே தொங்கிய ஆள் பலப் பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் முகம் பார்த்து நடத்தக்கூடிய படையின் அளவு அன்றும் இன்றும் இவ்வளவுதானோ என்று தோன்றியது.

பத்தி என்றதும் இன்னொன்று. செய்தித்தாளில் மேலிருந்து கீழே இறங்கும் எழுத்து வரிசையையும் பத்தி என்கிறோம். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'காலம்'. அதுவும் அதே லத்தீன் தூணிலிருந்து வந்ததுதான். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பகுதியும் கர்னலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இத்தனைக்குப் பிறகும் என் கருத்தைக் கேட்டால், கர்னல் என்றே இருக்கட்டும் என்பேன். படையில் பதவியின் பெயர் ஒரு நொடியில், ஒரே பொருளில், எல்லாருக்கும் விளங்க வேண்டும். 'தளபதி' என்று எழுதினால் பட்டாலியன் தலைவரா, முப்படைத் தலைவரா என்று தெரியாது. செய்தித்தாள்களில் இந்தக் குழப்பத்தை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். தெளிவான, படிநிலை மாறாத தமிழ்ப் பட்டியல் ஒன்றைச் செய்துகொண்டு வாருங்கள், முதல் ஆளாக நான் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: நீங்கள் பார்த்த கர்னல்களில் உங்களால் மறக்க முடியாதவர் யார்?

பெயர் சொல்ல மாட்டேன். அவர் விரும்ப மாட்டார்.

எங்கள் பட்டாலியன் பனிமலையில் இருந்த ஆண்டு. மேலே ஒரு சாவடிக்குப் போன குழுவில் ஒரு சிப்பாய் பனிச்சரிவில் சிக்கி இறந்துவிட்டான். இருபத்திரண்டு வயது. தமிழ்ப் பையன். வீட்டில் தாய் மட்டும்தான். இறப்புச் செய்தி தந்தியாகவும் தொலைபேசியாகவும் முறைப்படி போய்விடும். அதன்பின் சி.ஓ. தாய்க்கு ஒரு கடிதம் எழுதுவார். அதற்கு அலுவலகத்தில் ஒரு மாதிரி உண்டு. பெயரும் எண்ணும் நாளும் மட்டும் மாற்றினால் போதும். நான் மாற்றித் தட்டச்சு செய்து கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

படித்தார். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "அந்தத் தாய்க்கு ஆங்கிலம் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "உட்கார்" என்றார். ஒரு சி.ஓ.வின் எதிரே நான் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

அவர் வடநாட்டுக்காரர். எங்கள் பட்டாலியனுக்கு வந்தபின் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர். எழுதத் தெரியாது. தான் சொல்ல நினைத்ததைக் கலந்த மொழியில் சொன்னார். நான் தமிழில் எழுதினேன். "தங்கள் மகன்" என்று தொடங்கியிருந்தேன். அது என்ன என்று கேட்டார், பொருள் சொன்னேன். "ஒரு தாயிடம் வீட்டில் பேசும்போது அப்படியா சொல்வீர்கள்?" என்றார். "உங்கள் பிள்ளை" என்று மாற்றினேன். பையன் பாரம் தூக்குவதில் யாருக்கும் சளைத்தவன் இல்லை, சமையற்கூடத்தில் பாடுவான், கடைசியாக ஊருக்குப் போய் வந்தபோது அம்மா கொடுத்த ஸ்வெட்டரைத்தான் அன்றும் போட்டிருந்தான். இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் வியந்துபோனேன். செய்தி வந்த இரவு அந்தப் பையனின் சிறு படைக்குழுவான பிளட்டூன் தங்கியிருந்த கூடாரத்துக்குப் போய் விடியும்வரை அவர்களோடு உட்கார்ந்திருந்தார் என்று பிறகு அறிந்தேன்.

நான் எழுதி முடித்ததும் தாளை வாங்கி எதிரே வைத்துக்கொண்டு, வேறு தாளில் தன் கையாலேயே ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதத் தொடங்கினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. 'ழ' சரியாக வரவில்லை என்று மூன்று தாள்களைக் கிழித்தார். நடுவில் வந்த தன் உதவி அதிகாரியான அட்ஜுடன்டைக் கையசைத்து அனுப்பிவிட்டார். கடைசியில் கையெழுத்தையும் தமிழிலேயே போட்டார். கீழே பதவியை எழுத வேண்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டும் ஐயா, அந்த அம்மாவுக்கு அது தெரிய வேண்டும் என்றேன். 'கர்னல்' என்று எழுதினார். அந்தச் சொல்லில் புள்ளி வைக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் புள்ளி சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து அந்தத் தாய் ரெஜிமென்ட் மையத்துக்கு ஓய்வூதியக் காகிதங்களுக்காக வந்தார். கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார். அங்கே பணியில் இருந்த என் நண்பர் தொலைபேசியில் சொன்னார்.

கேள்வி: என் திருமண அழைப்பிதழில் அப்பாவின் பெயரை எப்படி அச்சிடுவது? அவர் ஓய்வுபெற்ற கர்னல். 'கர்னல் (ஓய்வு)' என்று போட்டுப் பிறகு பெயர் போடுவதா? அச்சகத்தில் இரண்டு நாளில் கேட்கிறார்கள்.

முதலில் கர்னல், பிறகு அப்பாவின் பெயர், கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஓய்வு. இதுதான் முறை. 2014இல் ராணுவத் தலைமையகமே இதைத் தெளிவாக்கியது. ஓய்வு பெறுவது அதிகாரிதான், பதவி ஓய்வு பெறுவதில்லை. ஆகவே பதவிக்கும் பெயருக்கும் நடுவில் எதுவும் வரக் கூடாது. 'முன்னாள் கர்னல்' என்றும் போட வேண்டாம். விருதுகள் இருந்தால் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் இடையே வரும். அச்சுக்குப் போகும் முன் அப்பாவிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், விருதுகளின் வரிசை அவருக்குத்தான் தெரியும்.